சங்கிலி ஜெபத்தில் என் மகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்கள் தள்ளிப்போட்டுவிட்டேன். நான் எட்டாவது வரை படித்தவள். எழுத உட்கார்ந்தால் இரண்டு வரியில் கை நின்றுவிடும். எழுதினால் நானும் ஊர்வாய்களில் ஒரு வாயாகிவிடுவேனோ என்று கூச்சமாக இருக்கும். என் கணவரின் அக்கா உயிரோடு இருந்தவரை எழுதவில்லை. அவர் போன பிறகும் எழுத நினைக்கவில்லை, செத்தவர்களைப் பேசக்கூடாது என்று. ஆனால் அவரை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் நின்று நான் கேட்ட பேச்சுக்குப் பிறகு பொறுமை போய்விட்டது. ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும். மன்னிக்காவிட்டாலும் எழுதத்தான் போகிறேன்.

என் கணவரின் அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். இராஜபாளையத்தில் எங்கள் சபையின் பெண்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. அவருக்குக் கடவுள் கொடுத்த ஒரே வரம் தொண்டை. அரசு ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்த்து ஜெபிக்கப் போனால், பக்கத்துக் கட்டிலில் அப்போதுதான் கண் அசந்தவரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு தடவை நர்ஸம்மா வந்து, "அக்கா, உங்க சாமிக்குக் காது நல்லாத்தானே கேக்கும்?" என்று கேட்டார். மதினி அதையும் தன் பெருமையாகத்தான் சபையில் சொன்னார். நர்ஸம்மா உருவில் சத்துருவான சாத்தானே எதிர்த்து நின்றானாம்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. பிறந்த வீட்டில் என்னை 'உம்மணாமூஞ்சி' என்பார்கள். கோபத்தில் சொல்வதில்லை, அடையாளத்துக்குச் சொல்வது. கல்யாணமாகி இராஜபாளையம் வந்த பிறகு பேர் கூடிவிட்டது. அமுக்குணி, ஊமைக்கோட்டான், கல்லுளிமங்கி. பேசுகிறவர்களுக்கு எத்தனை பட்டம் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். வாயாடி என்று ஒன்று. அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்கிறார்கள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்கிறார்கள். எங்கள் தெருவில் கெட்டுப்போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றையாவது ஒரு ஊமை கெடுத்ததாக எனக்குத் தெரியாது.

எனக்குப் பிறந்த ஒரே மகளும் என்னைப்போலவே இருந்தாள். என்னைவிட ஒரு படி மேல்.

எண்பதுகளில், அவள் ஓய்வுநாள் பாடசாலையில் படித்த காலத்தில், கிறிஸ்மஸ் விழாவுக்கு வசனம் ஒப்பிக்க மேடையில் ஏற்றினார்கள். வீட்டில் சுவரைப் பார்த்து அருமையாகச் சொல்வாள். மேடையில் நின்று கூட்டத்தை ஒருமுறை முழுக்கப் பார்த்தாள். பிறகு பேசாமல் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை, நடுங்கவில்லை. கடையில் சாமான் பிடிக்கவில்லையென்றால் திரும்பி வருவோமே, அப்படி வந்தாள். மதினி கீழேயிருந்தே, "ஏட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கே?" என்று சத்தம் போட்டார். கூட்டம் சிரித்தது. மகள் என் முந்தானை நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வராதது மேடைப்பேச்சு மட்டும்தான். எங்கள் அடுத்த வீட்டில் தெலுங்கு பேசும் அக்கா ஒருவர் இருந்தார். அவர் வீட்டுக்காரர் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தபோது தெருவே அங்கே கூடியது. ஆளாளுக்கு ஒரு கதை. என் மச்சானும் இப்படித்தான், என் தம்பியும் இப்படித்தான். விதி, சாமி, லாரிக்காரன், இன்சூரன்ஸ். மதினியும் போய் அந்த அம்மாளுக்குக் கால்மணி நேரம் புத்தி சொன்னார். என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கே போய் உட்கார்ந்து பூண்டு உரிப்பாள். உரித்துக் கிண்ணத்தில் போடுவாள். அவ்வளவுதான். கருமாதி முடிந்த பிறகு அந்த அக்கா என்னிடம் சொன்னார்:

"வந்தவங்க அம்புட்டுப் பேரும் என்னைய அழாத அழாதன்னாங்க. ஒம்பிள்ள ஒருத்திதான் என்னைய அழ விட்டா."

இந்த ஒரு சொல்லுக்கு முன்னால் மதினியின் ஆயிரம் ஜெபத்தையும் நான் வைத்துப் பார்த்திருக்கிறேன். எடை தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது சங்கிலி ஜெபம் என்றால் என்ன என்று சொல்லவேண்டும். எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் கூட்டம் நடக்கும். ஜமுக்காளம் விரித்து வட்டமாக உட்காருவோம். முதல் ஆள் கண்ணை மூடிச் சத்தமாக ஜெபித்து 'ஆமென்' சொன்னதும் அடுத்த ஆள் தொடங்கவேண்டும். இப்படியே வட்டம் சுற்றி வரவேண்டும். ஒருவர் ஆமென் சொல்லாமல் அடுத்தவர் வாய் திறக்கக்கூடாது. சங்கிலி அறுந்தால் ஆசீர்வாதம் அறுந்துவிடும் என்பார்கள். சட்டம் போட்டவர் மதினிதான்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். உள்ளே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், அது ஜெபமா ஊர்வம்பா என்று. மதினி பிரதம மந்திரியில் தொடங்குவார். மழைக்கு வருவார், மில் முதலாளிகளுக்கு வருவார். பிறகு குரல் தழுதழுக்கும். "ஆண்டவரே, மூணாவது தெருவுல மாமியாரை எதுத்துப் பேசுதாளே, அந்த மருமகளைத் தொடும்! ராத்திரி நேரங்கழிச்சு வீட்டுக்கு வாராரே, அந்தச் சகோதரனைத் தொடும்! அவர் எங்க போயிட்டு வாராருன்னு உமக்குத் தெரியும் ஆண்டவரே!" ஆண்டவருக்குத் தெரியும். சுற்றியிருந்தவர்களுக்கு அப்போதுதான் தெரியும். கண்ணை மூடியபடியே எல்லாரும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். அடுத்தநாள் காலையில் குழாயடியில் அந்தச் சகோதரன் நாறிப்போவார். இதற்குப் பேர் பாரத்தோடு ஜெபிப்பது.

நான் எப்படித் தப்பித்தேன் என்றால், ஒரே ஒரு வரி வைத்திருந்தேன். "எங்களை ஆசீர்வதியும் ஆண்டவரே, ஆமென்." பஸ்ஸில் டிக்கெட் எடுப்பதுபோல் அதை நீட்டிவிட்டு உட்கார்ந்திருப்பேன். என் கணவரும் அப்படி ஒரு வரிக்காரர்தான். மகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். அவள் கேட்கவில்லை. அவள் முறை வரும்போது பேசாமல் இருப்பாள். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு மதினியே அவளுக்காக ஒரு ஆமென் போட்டுத் தாண்டிவிடுவார்.

"அந்த ஒத்த வரியச் சொல்லிட்டுப் போயேம்ட்டி," என்றேன் ஒருநாள்.

"எனக்குச் சொல்றதுக்கு நிறைய இருக்கும்மா," என்றாள். "ஆனா அது அவியகிட்டச் சொல்றது இல்லையே."

அதற்குப் பிறகு நான் வற்புறுத்தவில்லை.

தொண்ணூறுகள் தொடங்கிய சமயம். அவள் பத்தாவது முடித்திருந்தாள். அந்த வருஷம் பேராயர் வந்து பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் நடத்த இருந்தார். எங்கள் சபையில் திடப்படுத்தல் பெற்ற பிறகுதான் திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்க முடியும். அதற்கான வகுப்புக்கு அவள் ஒருநாள் விடாமல் போனாள். எங்கள் சபைப் போதகரான ஐயர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தாள். சின்ன வயசிலிருந்தே நாங்கள் பீடத்துக்குப் போய் முழங்கால்படியிட்டு வரும்போது, இருக்கையில் தனியாக இருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் வாய்விட்டு ஆசைப்பட்டுக் கேட்டது என்று எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான். "இந்த வருஷம் நானும் வருவேன்லாம்மா?" வெள்ளைத் தாவணி எடுத்து ஓரம் அடித்து வைத்திருந்தோம்.

மதினி சபைக் கமிட்டியிலும் இருந்தார். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"இவளுக்கு ஊமை ஆவி இருக்கு. நான் ரொம்ப நாளாவே பாத்துக்கிட்டு இருக்கேன். வாய் தொறந்து ஒரு ஜெபம் பண்ணாத பிள்ளைய எப்படிப் பேராயர் முன்னால நிறுத்துறது? ஐயர்ட்டச் சொல்லிட்டேன். வார வெள்ளிக்கெழம ஒங்க வீட்லதான் கூட்டம். சங்கிலி ஜெபத்துல ஒழுங்கா ஜெபிக்கட்டும், திடப்படுத்தலுக்குப் பேரு குடுப்போம். இல்லைன்னா வில்லிபுத்தூர்ல ஆவி ஓட்டுற விடுதலைக் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயி மேடையில ஏத்திருவோம். வெளியூர்ப் பிரசங்கியார் வாராரு. தலையில கைய வச்சா அலறிக்கிட்டு ஓடிரும்."

என் மகள் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்ற சத்தம் எனக்குக் கேட்டது.

என் கணவர் நூற்பாலையில் வேலை பார்த்தவர். மிஷின் இரைச்சலில் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆனால் இது நன்றாகக் கேட்டுவிட்டது.

"எக்கா, எங்க மில்லுல எட்டு மணி நேரம் ஒருத்தன்கூட வாயத் தொறக்க மாட்டான். தொறந்தாலும் கேக்காது. கையக் காட்டியே அம்புட்டு வேலையும் நடக்கு. எங்க மேஸ்திரி யாருக்கும் ஊமை ஆவின்னு இதுவரைக்கும் சொன்னதில்ல."

"மில்லும் சபையும் ஒண்ணா, ஏலே?" என்றார் மதினி.

"மில்லுல நூலாவது வருது," என்றார் இவர்.

மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஆனால் முடிவு மாறவில்லை. நாங்கள் ஐயரைப் போய்ப் பார்த்தோம். அவர் ஊருக்குப் புதுசு, நல்ல மனுஷன். நல்ல மனுஷர்கள் என்ன செய்வார்கள்? கையைப் பிசைவார்கள். "ஒரு சின்ன ஜெபம்தானேம்மா. ரெண்டு வார்த்தை சொல்லட்டும். கமிட்டியில பிரச்சினை வேண்டாம்," என்றார். ஐந்து வருஷம் வேதம் படித்து, கழுத்துப்பட்டை மாட்டி, கடைசியில் ஒரு தொண்டைக்குப் பயந்து பிழைக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததைச் சொல்லவில்லை. எனக்கும் பழக்கமில்லையே.

அந்த வாரம் முழுக்க மகள் சாப்பாட்டில் கை வைப்பாள், எழுந்துவிடுவாள். வியாழக்கிழமை மாடியில் துணி காயப்போடும்போது, "அம்மா, நாளைக்குச் சொல்லிருதேன்," என்றாள். சஞ்சீவி மலைப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு உதடு வெளுத்திருந்தது. ஆண்டவரிடம் இத்தனை பிரியமாக இருக்கிற ஒரு பிள்ளை, அவரிடம் பேசப் பயப்படும்படி செய்துவிட்டார்களே பாவிகள். ஊமை ஆவி என்று ஒன்று இருந்தால் அதை அன்றைக்குத்தான் அவளுக்குள் பிடித்துத் தள்ளினார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. வழக்கமாக வராதவர்களும் வந்திருந்தார்கள். வேடிக்கை என்றால் நம் ஜனங்களுக்குப் பக்தி பொங்கும். ஐயர் நாற்காலியில் உட்கார்ந்தார். மதினி தொடங்கி, வட்டம் சுற்றி வந்தது. எனக்கு அடுத்து மகள். அவளுக்கு அடுத்து யார் என்றே யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் அவளைத்தான் அரைக்கண்ணால் பார்த்தார்கள்.

என் கணவர் தன் ஒரு வரியைச் சொல்லி ஆமென் போட்டார். என் முறை வந்தது.

என் வரி நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் அடுத்த நொடி பிள்ளை மாட்டிக்கொள்வாள். நான் கண்ணை மூடினேன். வாயையும் மூடிக்கொண்டேன்.

முதலில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு ஒருவர் இருமினார். ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடித்து அடங்கியது. நான் ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். என்ன பேசினேன் என்று இங்கே எழுதமாட்டேன், அது உங்களிடம் சொல்வது இல்லை. ஆனால் நிறையப் பேசினேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்து நான் உண்மையாக ஜெபித்தது அன்றைக்குத்தான்.

நான் ஆமென் சொல்லாமல் அடுத்த ஆள் தொடங்க முடியாது. மதினி போட்ட சட்டம். சின்னப் பிள்ளைக்கென்றால் அவரே ஒரு ஆமென் போட்டுத் தாண்டிவிடுவார். தம்பி பெண்டாட்டி, அந்த வீட்டுக்காரி, ஐயர் முன்னால் கண்மூடி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு எப்படிப் போடுவது?

அந்த அமைதி அவர்களை என்ன பாடு படுத்தியது தெரியுமா? வளையல் நகர்கிறது. ஒருத்தி பெருமூச்சு விடுகிறாள். ஒருத்தி, "ஸ்தோத்திரம்," என்று முனகிப் பார்க்கிறாள், யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. ஊரெல்லாம் வம்பு பேசி ஜெபிக்கிற இந்தப் பெண்களுக்கு, ஆண்டவரோடு செத்த நேரம் தனியாக உட்காரத் தெரியவில்லை. அவரோடு தனியே இருக்க அத்தனை பயம். இந்த லட்சணத்தில் என் பிள்ளைக்குப் பேய் ஓட்ட வந்தார்கள்.

"ஏட்டி, முடிச்சிட்டியா இல்லையா?" மதினியின் குரல். ஜெபத்துக்கு நடுவில் முதன்முறையாக அவர் ஆண்டவரை விட்டுவிட்டு மனுஷியிடம் பேசினார்.

நான் அசையவில்லை.

அப்போது என் இடது பக்கத்திலிருந்து, மெதுவாக, பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுகிற குரலில், என் மகள், "ஆமென்," என்றாள்.

என் ஜெபத்துக்கு அவள் ஆமென் சொன்னாள். நான் என்ன கேட்டேன் என்று அவளுக்குத் தெரியும். கண்ணைத் திறந்தேன். அவள் முகம் தெளிந்திருந்தது. கடித்திருந்த உதட்டில் ரத்தம் வந்திருந்தது.

ஐயர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தாயும் மகளும் ஜெபிச்சாச்சு. அடுத்தவங்க தொடங்குங்க," என்றார். அந்த மனுஷனுக்குள்ளும் ஏதோ இருந்திருக்கிறது. மதினி, "என்ன ஐயரே, இது ஒரு ஜெபமா?" என்று எழுந்தார். ஐயர் அவரைப் பார்க்காமலேயே, "ஆமென் இல்லாம ஜெபம் முடியுமாம்மா? பிள்ளை அதைச் சொல்லிருச்சு," என்றார்.

அந்த மாதம் என் மகள் வெள்ளைத் தாவணி கட்டி, பேராயர் முன்னால் முழங்கால்படியிட்டாள். அன்றைக்கு முதல்முறையாக எங்களோடு பீடத்துக்கு வந்து கையேந்தி அப்பத்தை வாங்கினாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பேசுகிறவர்களுக்கு எதுவும் முடிந்துபோகாது. தன் பிடி நழுவியதை மதினி ஒரு வாரம்தான் தாங்கினார். அடுத்த வாரமே தளவாய்புரத்தில் ஒரு கூட்டத்தில் எழுந்து சாட்சி சொல்லியிருக்கிறார். "எங்க குடும்பத்துலயே ஒரு பிள்ளைக்கு ஊமை ஆவி! நாங்க வட்டமா உக்காந்து போராடி ஜெபிச்சோம். நுரை தள்ளிக் கீழ விழுந்தா. ஆமென்னு ஒரே அலறல்! ஆவி ஓடிருச்சு!" கதை சோழபுரத்துக்குப் போனபோது, அலறலோடு ஒரு கறுப்பு நாய் வாசலைத் தாண்டி ஓடியது. கான்சாபுரத்தில் அது ஓடி ஒரு கிணற்றில் விழுந்தது. எங்கள் தெருவில் அப்போது கிணறே கிடையாது. அந்தக் கதையைக் கேட்டு அழுதவர்களும் காணிக்கை போட்டவர்களும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "அந்தப் பிள்ளை எது?" என்று என் மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஒரு நல்ல சம்பந்தம் இந்தக் கதையால் நின்றுபோனது. "ஆவி புடிச்ச பிள்ளைதானே, திரும்ப வராதுன்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டு அனுப்பினார்கள். நான் உடைந்துபோனேன். மகள், "விடும்மா. கேட்டதையெல்லாம் நம்புற வீடு. நான் அங்க போயி என்ன செய்ய?" என்றாள்.

பிறகு அவள் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தாள். ஒருநாள் பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். மனுஷர்களில் உள்முகச் சுபாவம், வெளிமுகச் சுபாவம் என்று உண்டாம். சிலருக்குக் கூட்டத்தில் தெம்பு வரும், சிலருக்குத் தனிமையில் வரும். நோய் இல்லையாம், கர்வம் இல்லையாம். அரைப் பக்கம் போட்டிருந்தது. அந்த அரைப் பக்கத்தை ஒருவராவது படித்திருந்தால் என் பிள்ளை உதட்டைக் கடித்திருக்க மாட்டாள். நிறைகுடம் தளும்பாது என்று எங்களைப் போன்றவர்களைப் புகழுகிறவர்களும் உண்டு. எனக்கு அதுவும் வேண்டாம். தளும்பாத குடம் காலியாகவும் இருக்கும். எங்களில் பொல்லாதவர்களும் உண்டு, முட்டாள்களும் உண்டு. ஆண்டவர் சிலரை இப்படிப் படைத்தார், சிலரை அப்படி. அவ்வளவுதான் விஷயம். மதினியையும் அவர்தான் படைத்தார், அதற்கு அவரிடம் ஏதோ காரணம் இருக்கும். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தொண்ணூறுகள் முடிகிற சமயம் மதினி போய்ச் சேர்ந்தார். கல்லறைத் தோட்டத்தில் வெளியூர் ஊழியர் ஒருவர் அவர் பெருமைகளைச் சொல்லிக்கொண்டே வந்து, நுரையையும் அலறலையும் நாயையும் சொன்னார். என் மகள் கையில் பிள்ளையோடு அங்கேதான் நின்றாள். அவளுக்குக் கல்யாணமாகி, பேச்சைக் குறைத்துப் பேசும் ஒரு நல்ல வீட்டில் இருக்கிறாள். பூமாலையைக் குழியில் போட்டுவிட்டுத் திரும்பினாள். நான் வீட்டுக்கு வந்து பேனாவைத் தேடினேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கேயாவது அந்தக் கதை உங்கள் காதில் விழுந்தால், இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது நல்ல எண்ணத்தில்கூட ஒன்றையும் சேர்க்காதீர்கள். அவளை வீராங்கனை ஆக்காதீர்கள், என்னையும் ஆக்காதீர்கள். யாரும் கீழே விழவில்லை. நுரை இல்லை, நாய் இல்லை. ஒரு பிள்ளை தன் தாயின் ஜெபத்துக்கு ஆமென் சொன்னாள். மெதுவாகச் சொன்னாள். நீங்களும் அந்த இடத்தை மெதுவாகவே சொல்லுங்கள்.